ஆறு தாண்டாதவர்கள்

ஜூன் 12, புதன்

ஆய்வேட்டுக்கு வெளியே தனியாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள் என்று என் நெறியாளர் வேதமாணிக்கம் சார் சொல்லியிருக்கிறார். களத்துக்குப் போகிறவன் தன் எரிச்சலை எங்காவது கொட்ட வேண்டும், அதை ஆய்வேட்டில் கொட்டிவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. சரி, இங்கே கொட்டுகிறேன்.

இன்று இரண்டாம் ஆண்டுக்குப் பண்பாட்டுப் பரவல் நடத்தினேன். ஒரு பழக்கம் பிறக்கிற இடம் ஊற்றுக்கண். அங்கிருந்து பக்கத்து வீடு, பக்கத்து ஊர் என்று சளி மாதிரி ஒட்டிக்கொண்டு போனால் தொற்றுப் பரவல். பெரிய இடத்தில் தொடங்கிச் சின்ன இடத்துக்கு இறங்கினால் படிநிலைப் பரவல். மூட்டை கட்டிக்கொண்டு போகிற ஆட்களோடு கூடவே போனால் இடப்பெயர்வுப் பரவல். தூரம் கூடக் கூட வேகம் குறையும். உதாரணத்துக்குப் பிறந்தநாள் கேக்கைச் சொன்னேன். "உங்க தாத்தா காலத்தில் யாராவது கேக் வெட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டதற்கு முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "போன மாசம்தான் சார் வெட்டினாவ, அவிய எண்பதாம் கல்யாணத்துக்கு" என்றாள். வகுப்பே சிரித்தது.

எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் டாக்டர் ஆகிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் திரு. ஆவுடையப்பன். கல்யாணிக்கு இது ஆறாம் மாதம். ஆய்வேடா, பிள்ளையா, எது முதலில் வெளியே வருகிறது பார்ப்போம் என்கிறாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

ஜூன் 15, சனி

கிடைத்துவிட்டது!

தோணித்துறை என்று ஆற்றின் தென்கரையில் ஒரு குக்கிராமம். பாலம் வருவதற்கு முன்னால் அங்கேதான் தோணி ஓடியது. தோணிக்காரர் வம்சத்தில் ஆறு வீடுகள் மிச்சம். அந்த ஆறு வீட்டுப் பெண்களும் வயிறு வெளியே தெரிந்த பிறகு, பிள்ளை பெறும் வரை ஆற்றைத் தாண்டுவதில்லை. எப்போதோ ஒரு வெள்ளத்தில் தோணி கவிழ்ந்து நிறைமாதக்காரி ஒருத்தி போய்விட்டாளாம். அன்றிலிருந்து.

"இப்பதான் பாலம் வந்துட்டே?" என்று கேட்டேன்.

"வந்துட்டு சார். ஆனா எங்க வீட்டுல பழகிப் போச்சு" என்றார் சுடலைமாடன். அவர் இப்போது தோணி ஓட்டவில்லை, மினி லாரி ஓட்டுகிறார். "மத்த வீட்டுக்காரிய எல்லாம் தாண்டத்தான் செய்யுதாவ. எங்களை யாரு கேக்கா?"

இடத்தை எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துவிடும். ஆற்றுக்குத் தெற்கே ஊர்கள். வடக்கே டவுன். பெரிய ஆஸ்பத்திரி, பீடிக் கம்பெனி, என் கல்லூரி, எங்கள் வீடு எல்லாம் வடக்கே. நடுவில் ஒரே பாலம். காரணம் செத்துப்போன பிறகும் உயிரோடு இருக்கிற பழக்கம், ஆறே வீட்டில். சாரிடம் போனில் சொன்னேன். "தங்கம்யா இது. இது ஆறு வீட்டோட நின்னுட்டா, இல்ல நகருதான்னு பாரு" என்றார்.

ஜூன் 17, திங்கள்

கேள்வியைத் தயார் செய்தேன். 'வயிறு வெளியே தெரிந்த பிறகு' என்பது சரிப்படாது. அது ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மாதிரி. ஆய்வுக் கேள்வி கறாராக இருக்க வேண்டும். அதனால் 'ஏழாம் மாதம்' என்று வைத்துவிட்டேன். வளைகாப்பு மாதம், யாருக்கும் விளங்கும்.

பத்து ஊர். அதே கேள்வியை மாதம் ஒரு தடவையாக மூன்று தடவை கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் போட்டோ, மூன்று தடவை கேட்டால் சினிமா என்று சார் சொன்னார்.

ஜூன் 23, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளந்தது. நல்லாம்பட்டியில் வேப்பமரத்தடியில் ஒரு பத்துப் பெண்கள் மடியில் சொளவு என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி அடையாள அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு கேட்டேன்.

"உங்க ஊர்ல ஏழாம் மாசம் தொடங்கின பிறகு கர்ப்பிணிப் பெண்கள் ஆறு தாண்டாம இருக்கிற வழக்கம் உண்டா?"

ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். முப்பிடாதி என்று பெயர்.

"எதுக்கு சார் தாண்டாம இருக்கணும்? ஆறு எங்களைப் பிடிச்சு வச்சுக்கிடுமோ?"

"அப்போ வழக்கம் இல்லைன்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கிடுங்க. நா இப்ப நாலு மாசம். நா தாண்டலன்னா எம் பீடிய யாரு கொண்டுபோய்க் கம்பெனில போடுவா, நீங்க போடுவியளா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இரண்டு வருடம் முன்னால் முதல் பிள்ளை வீட்டிலேயே வலி கண்டு, டவுனுக்குப் போய்ச் சேருவதற்குள் தவறிவிட்டதாம். இந்தத் தடவை வாரா வாரம் வந்து பிரஷர் பார்க்க வேண்டும், பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

"பீடியப் போட்டுட்டு அப்பிடியே பிரஷரையும் பாத்துட்டு வந்துருதேன் சார். ஒரே நடையில ரெண்டு சோலி."

கிளம்பும்போது வயதான அம்மாள் ஒருத்தி அவளிடம், "ஏட்டி, சிரிக்காத. காலேஜு சார் இவ்வளவு தூரம் வெயில்ல வந்து சும்மாவா கேப்பாவ?" என்றாள். படித்தவனுக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் மரியாதை இருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

முதல் சுற்று முடிந்தது. பத்து ஊர், பத்து 'இல்லை'. சப்பென்று ஆகிவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

மேலப்பூவனூரில் கல்யாணிக்கு வளைகாப்பு. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அத்தை செண்பகவடிவு ஒரே பிடியாக நின்றார். இனி பிரசவம் வரை கல்யாணி தாய்வீட்டில். அது தென்கரை. அங்கிருந்து பாலம் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். இதே கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, ஆனால் அது ஒன்பது கிலோமீட்டர், ரோடு முழுக்கக் குண்டும் குழியும். ஆரம்பத்திலிருந்து காட்டுவதும் பெரிய ஆஸ்பத்திரியில்தான், அதனால் கவலை இல்லை.

சாப்பிடும்போது தோணித்துறை சங்கதியை அத்தையிடம் சொன்னேன். "அந்தத் தோணிக்காரனுவளுக்கு வேற சோலி இல்ல மாப்பிள்ள. ரசம் விடட்டா?" என்றார். ஆய்வுக்கு இருக்கிற மதிப்பு என் மாமியார் வீட்டில் அவ்வளவுதான்.

ஜூலை 21, ஞாயிறு

பேனா மூடியை எங்கேயோ தொலைத்துவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

இரண்டாம் சுற்றில் ஒரே நாளில் மூன்று ஊரில் 'உண்டு' என்கிறார்கள். நல்லாம்பட்டி உட்பட. அதே வேப்பமரம், அதே பெண்கள்.

"போன மாசம் இல்லைன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"அப்ப தெரியாம இருந்தோம் சார்" என்றாள் அந்த வயதான அம்மாள். "ஏழாம் மாசம் பொறந்துட்டுன்னா ஆறு தாண்டப்படாது."

முப்பிடாதி மட்டும் சிரித்தாள். "இவிய சொல்லட்டும் சார். நா போய்க்கிட்டுத்தான் இருக்கேன். முந்தாநாளும் போனேன்."

பஸ் ரூட்டையும் பீடிக் கம்பெனிக்கு வந்து போகிற ஊர்களையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். 'உண்டு' என்ற மூன்று ஊரும் ஒரே பஸ்ஸில் வருகிற ஊர்கள். பரவலை அது நடக்கும்போதே பிடித்துவிட்டேன். இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சார் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "தோணித்துறையில ஏழாம் மாசம்னு இல்லையேய்யா. வயிறு தெரிஞ்ச பிறகுன்னுதான சொன்ன? இவங்களுக்கு ஏழு எங்கருந்து வந்துச்சு?"

"வழியில மாறியிருக்கும் சார்."

பரவும்போது ஒரு பழக்கம் உருமாறுவது இயல்பு. பாடத்திலேயே இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

இன்னும் இரண்டு ஊர். இரண்டிலும் ஏழாம் மாதம். தோணித்துறைக்காரர்கள் சொன்னபடி ஒருவர்கூடச் சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் புக் செய்ய மறந்துவிட்டேன், ஹோட்டலில் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆற்றுக்குப் போனேன். படித்துறையில் கால் வைக்க இடம் இல்லை. எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு நிமிர்ந்தால், பாலத்தின் தென்முனையில் பஸ் நின்றது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். கையிலிருந்த பையைப் பக்கத்து சீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். பஸ் அவளை விட்டுவிட்டுப் பாலத்தில் ஏறிப் போனது. அவள் கைப்பிடிச் சுவரடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து பழம் காய்ந்து கிடந்தது.

திரும்பும்போது யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வெறும் வயிற்றில் நின்றதால் இருக்கும்.

ஆகஸ்ட் 10, சனி

கல்யாணியை மாதாந்திரப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக மேலப்பூவனூர் போனேன். கார் வாசலில் நிற்கிறது, அவள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தை நிலைப்படியில் நின்றுகொண்டார்.

"இனி அங்கன போவ வேண்டாம் மாப்பிள்ள. ஏழு பொறந்து எட்டு நடக்கு. நர்சம்மாவ இங்கன வரச் சொல்லியாச்சு."

"அத்தை, இதை நானே உங்ககிட்டச் சொன்னேன். தோணிக்காரங்களுக்கு வேற சோலி இல்லைன்னீங்க."

"அது நீங்க சும்மா பேச்சுக்குச் சொன்னிய. இது அப்பிடி இல்ல. நல்லாம்பட்டியில எங்க மதினி சொன்னா. ஒரு பெரிய காலேஜு சாரே ஊரு ஊராப் போய்க் கேட்டு எழுதுதாவளாம். ஒண்ணும் இல்லாததையா எழுதுவாவ?"

"அத்தை, அந்தச் சார் நான்தான்!"

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே காப்பி போடப் போனார்.

கல்யாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஏழாம் மாதம் என்று எழுதியது நான். உலகத்தில் வேறு எங்கேயும் அது இல்லை. தோணித்துறையில் இல்லை. என் கேள்வியில் மட்டும்தான் இருந்தது. நான் ஐந்து ஊரில் கண்டுபிடித்தது தோணித்துறைக்காரர்களின் பழக்கமே இல்லை. என்னுடையது.



ஆகஸ்ட் 12, திங்கள்

சாரிடம் சொன்னேன். தேதிகளை மறுபடி ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "இதை நீ மறைக்காம எழுதினா, இது இன்னும் பெரிய ஆய்வுய்யா. கேட்கிறவனே ஊற்றுக்கண் ஆகிறான்" என்றார். அவர் குரலில் உற்சாகம் இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வீட்டில் யாரும் பிள்ளைத்தாச்சி இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்றாம் சுற்று. கேட்கப் போகவில்லை, மறுக்கப் போனேன். ஊர் ஊராக நின்று, "அது ஒரு கேள்விதான்மா, பழக்கம் இல்லை, நம்பாதீங்க. தாராளமா ஆறு தாண்டலாம்" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னேன். பத்தும் சொல்லி முடித்தபோது எனக்குத் தெரிந்தது இதுதான்: ஐந்து ஊரில்தான் பரவியிருந்தது. மறந்துபோயிருந்த மிச்ச ஐந்திலும் இன்றைக்கு என் வாயால் மறுபடி கேட்டுக்கொண்டார்கள்.

கடைசி ஊரில் டீக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மூணு தடவ வந்துட்டாரு. முதல்ல கேட்டாரு, பெறவு எழுதுனாரு, இப்ப இல்லங்காரு. மேலருந்து யாரோ அமுக்குதாவ போல."

ஆகஸ்ட் 28, புதன்

வட்டார மருத்துவரைப் பார்த்து மனு கொடுத்திருந்தேன். பாவம், நல்ல மனுஷர், உடனே ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அனுப்பிவிட்டார். 'ஏழாம் மாதம் முதல் கர்ப்பிணிகள் ஆறு தாண்டக் கூடாது என்ற மூடநம்பிக்கையை நம்பாதீர்!' மேலப்பூவனூரிலும் வந்தது. அத்தை வாசலில் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒண்ணுமே இல்லன்னா கவர்மெண்டு எதுக்கு மாப்பிள்ள ஆட்டோ விடுது?"

 வகுப்பில் இருபது மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லித் தருகிறவன் நான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கல்யாணியோடு சண்டை. பி.காம் படித்தவள், வங்கித் தேர்வு எழுதினவள், நீயுமா என்று கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "எனக்கு இதுல நம்பிக்கை கிடையாதுங்க. ஆனா நான் தாண்டிப் போய், அங்க டாக்டர் தப்பாலயோ எதாலயோ பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னு வைங்க. ஆயுசு முழுக்க எல்லாரும் என்னையத்தான சொல்லுவாவ? உங்களைச் சொல்ல மாட்டாவ. உங்க ஆய்வையும் சொல்ல மாட்டாவ."

நான் வெளியே வந்து காரைத் துடைத்தேன். துடைக்க வேண்டிய அளவுக்கு அது அழுக்காக இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

நல்லாம்பட்டி போனேன். வேறு யாரிடமும் பேசவில்லை, முப்பிடாதியைப் பார்க்கத்தான். பீடிப் பெட்டியோடு பாலம் தாண்டிப் போயிருக்கிறாள் என்றார்கள். சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன சார், மறுபடியும் கேள்வியா?"

"இல்லம்மா. நீ போய்க்கிட்டே இரு. யார் சொன்னாலும் நிறுத்தாத."

"மாமியாதான் பிடுங்குதாவ. ஏழு பொறக்கப் போவுதுன்னு. அவிய மகன் கோயமுத்தூர் மில்லுல கிடக்காவ, கேக்க நாதியில்ல." கொஞ்சம் நின்றுவிட்டுக் கேட்டாள். "உங்க வீட்டம்மாவும் மாசமா இருக்காவளாமே சார். அவிய எங்கன பெறப் போறாவ?"

"டவுன்லதான். பெரிய ஆஸ்பத்திரியில" என்றேன்.

"அப்ப எனக்கென்ன? நானும் போவேன்" என்று சிரித்தாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி கண்டது. நல்லவேளையாக நான் அங்கேதான் இருந்தேன். அந்தப் பதற்றத்தில் நானே கார் ஓட்ட வேண்டாம் என்று கூப்பிட்ட வாடகை வண்டி உடனே வந்தது. ரோடு இரண்டாகப் பிரிகிற விலக்கில் வந்ததும் டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "சார், பாலமா, சுகாதார நிலையமா?" என்று கேட்டார். இடது பக்கம் பாலம். வெயிலில் ஆள் அரவமே இல்லாமல் கிடந்தது. கல்யாணி கண்ணை மூடி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அத்தை அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"வலது பக்கம் போங்க" என்றேன். அதுதான் பக்கம். அவசரத்தில் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

குண்டும் குழியுமான ரோட்டில் கல்யாணி போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நர்ஸ் தங்கமானவர். ஆறு மணிக்கெல்லாம் பிறந்துவிட்டது. கையில் வாங்கினேன். என்னத்தை எழுத, அழுதுவிட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

அத்தை வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறார்: "எங்க மாப்பிள்ள வாயாலயே சொன்னாவ, வலது பக்கம் போன்னு."

செப்டம்பர் 29, ஞாயிறு

பிள்ளை பகலில் தூங்கி இரவில் விளையாடுகிறது. அத்தையின் புது அறிவிப்பு: தீட்டுக் கழிகிற வரை தாயும் பிள்ளையும் ஆறு தாண்டக் கூடாதாம். இதை நான் எந்தச் சுற்றிலும் கேட்கவில்லை. அதுவாகக் கிளை விட்டிருக்கிறது. குறித்து வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

முப்பிடாதி பாலம் தாண்டுவதை நிறுத்திவிட்டாள். மூன்று வாரம் ஆகிறதாம். பீடியை அடுத்த வீட்டுக்காரி கொண்டுபோகிறாள். கால் வீங்கியிருக்கிறது. முகமும்.

போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். மறுத்து ஒன்றும் ஆகவில்லை. ஒரு பழக்கத்தை இன்னொரு பழக்கத்தால்தான் தட்ட முடியும். பாலத்தடியில் இறங்கி ஒரு பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தகவலைத் திரித்துச் சொன்னேன்.

"தோணித்துறையில இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்கம்மா. அவசரம்னா ஆத்துத் தண்ணிய மடியில கட்டிக்கிட்டுத் தாண்டலாம். ஆறே நம்ம கூட வருதுல்ல, அப்போ நாம அதைத் தாண்டினதா ஆகாது. இந்தா, தண்ணி கொண்டு வந்திருக்கேன். வெளியே கார் நிக்குது. வா."

அவள் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம், வந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"இது அப்ப இல்லையே சார்?"

"எது?"

"நீங்க மொதல்ல வந்தப்ப இதக் கேக்கலியே. இப்பிடி ஒண்ணு இருந்திருந்தா அன்னைக்கே கேட்டிருப்பியளே. நீங்க ஒண்ணுவிடாமக் கேக்கிற ஆளுல்லா."

"அன்னைக்கு எனக்குத் தெரியாதும்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "உங்க வீட்டம்மாவ இப்பிடித்தான் மடியில தண்ணி கட்டிக் கூட்டிட்டுப் போனியளா சார்?"

 அவள் மாமியார் உள்ளேயிருந்து, "சாரு புள்ளைக்கு ஒண்ணுனா வலது பக்கம் போவாவ, நம்ம புள்ளைக்கு ஒண்ணுனா பாலத்துல ஏத்துவாவளோ?" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காரில் அது உருண்டுகொண்டே வந்தது.

அக்டோபர் 7, திங்கள்

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். நர்ஸை அனுப்புகிறோம், ஆனால் அந்தக் கேஸுக்கு ஆபரேஷன் வேண்டும், ஆபரேஷனை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

நல்லாம்பட்டி போனேன். 108 ஆம்புலன்ஸ் ஒரு தடவை வந்து வெறும் வண்டியாகத் திரும்பிப் போனதாம். கதவை முப்பிடாதியின் மாமியார் திறந்தாள். அவள் தூங்குகிறாள் என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூங்கவில்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள், போய்விடுங்கள் என்பது மாதிரி.

அந்த வலது பக்கம் ஒன்பது கிலோமீட்டர். இடது பக்கம் நாலு. எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். நான் பயந்துவிட்டேன். எல்லாம் தெரிந்திருந்தும், அதை உண்டாக்கினவனே நான் என்று தெரிந்திருந்தும், பாலத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். பிறகு அவளிடம் போய் நீ பயப்படாதே என்கிறேன்.

நவம்பர் 2, சனி

தீபாவளி முடிந்து எல்லாரும் ஊர் திரும்புகிறார்கள். பிள்ளைக்குச் சளி.

நவம்பர் 9, சனி

இறந்தே பிறந்தது. வீட்டில். ஆண் குழந்தை. முப்பிடாதி பிழைத்துக்கொண்டாள். ரத்தம் நிற்காமல் போய், அதற்கப்புறம்தான் பாலம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். பிள்ளை வெளியே வந்துவிட்டதால் இனித் தாண்டலாம் என்று.

அடுத்த வீட்டுக்காரிதான் போனில் சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

போகாமல் இருக்க முடியவில்லை. போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அந்த ஏழாம் மாதம் நான் வைத்தது, இது எல்லாமே என்னால் வந்தது, என்னை அடித்தாலும் சரி என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். இனி இந்தப் பக்கத்தில் ஒருத்திக்காவது இது உடைந்துபோகட்டும், இவ்வளவு நடந்த பிறகாவது.

வீட்டு முற்றத்தில் அதே பெண்கள் சுற்றிலும் இருந்தார்கள், மடியில் சொளவு இல்லாமல். எனக்கு நாற்காலி போட்டார்கள். முப்பிடாதி பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். பக்கத்தில் நிறைமாதத்தில் ஒரு சின்னப் பெண் அவள் தலையைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"முப்பிடாதி, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

அவள் அதற்குள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கூப்பினாள்.

"என்னைய மன்னிச்சிருங்க சார்."

"நீ எதுக்கும்மா..."

"ஏழு பொறந்த அன்னைக்கும் நா போனேன் சார். கடைசியா ஒரே ஒரு தடவ, பீடிய மட்டும் போட்டுட்டு வந்துருவோம்னு. மாமியா சொல்லச் சொல்லக் கேக்காமத் தாண்டிப் போனேன். அதுலதான் போயிட்டு."

"இல்லம்மா, அதனால இல்ல. நான் சும்மா கேட்டதும்மா அது. கேட்டது மட்டும்தான். அப்பிடி ஒண்ணே கிடையாது."

சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். துக்க வீட்டில் ஆறுதலுக்காக ஒருவர் சொல்கிற பொய்யைக் கேட்பதுபோல. அந்த நிறைமாதக்காரி தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, தான் எங்கேயும் போகவில்லை என்று யாரும் கேட்காமலே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

முப்பிடாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை கொதித்தது.

"நீங்க வெயில்ல அவ்வளவு தூரம் வந்து, ஊருலயே மொத ஆளா எங்கிட்டத்தான் சொன்னிய சார்" என்றாள். "நாந்தான் சிரிச்சிட்டேன்."